சக்தியும் சாட்சியும்

தன் கையால் செய்த பொருளின் தராதரத்தைத் தானே நிர்ணயித்துக்கொள்ள இயலாமல், தன் அபிமானத்தோடு எவ்விதச் சம்பந்தமும் இல்லாத ஒரு மத்தியஸ்தனின் முன் அதைக் கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டிய கட்டம், படைக்கும் தொழிலில் இறங்கிய எவனுக்கும் ஒருநாள் வந்தே தீருகிறது. பாட்டுக் கட்டுகிறவனுக்கு அந்த மத்தியஸ்தர்கள் ரசிகர்கள். அவர்களுக்குள் அபிப்பிராய பேதம் எப்போதும் உண்டாகையால், தோற்றவன்கூடக் காலம் தனக்கு நியாயம் வழங்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். அமெரிக்காவில், வீட்டை ஒட்டிய கார்க் கொட்டகையில், ஓய்வு நாட்களையெல்லாம் செலவிட்டு ஒரு பழைய மோட்டார் இஞ்சினைப் பிரித்துப் புதுக்கிக் கட்டுகிறவனுக்கு அந்த ஆறுதல் கிடையாது. அவனுடைய மத்தியஸ்தன் தரையில் பதித்த ஓர் இரும்பு உருளை; அது வழங்கும் தீர்ப்பு, இரண்டு கோடுகள் வளைந்து செல்லும் ஒற்றைத் தாள். டைனமாமீட்டர் என்று நூல்களும், டைனோ என்று சுருக்கமாக அத்தொழிலில் பழகியவர்களும் அழைக்கும் அந்தச் சாதனத்தைப் பற்றி எண்ணும்போது, ஒரு யந்திரத்தின் வலிமையை அறிகிற விஷயத்தில் மனிதன் எத்தனை வழிகளில் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ள முடியும் என்பதும், அதிலிருந்து விடுபட எவ்வளவு சிரத்தை வேண்டியிருக்கிறது என்பதும் ஒருங்கே புலனாகின்றன.

அந்தக் கொட்டகையில் நிற்கும் காரின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1964ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த பான்டியாக் பிரிவு, டெம்பெஸ்ட் என்ற தன் நடுத்தரக் காரில், பெரிய கார்களுக்கென வைத்திருந்த 389 கன அங்குல இஞ்சினைப் பொருத்தி ஜி.டி.ஓ. என்ற பெயரில் விற்கத் துணிந்தது. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இஞ்சின் கூடாது என்று கம்பெனியின் மேலிடம் விதித்திருந்தது. ஜான் டிலோரியன் முதலிய பொறியியலாளர்கள், இதைத் தனி மாடலாகக் காட்டாமல், வேண்டுவோர் பணம் கூடக் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் உபரி அம்சமாகக் காட்டி அவ்விதியைச் சாமர்த்தியமாகக் கடந்தார்கள். மஸில் கார் என்று வழங்கும் இனம் பிரசித்தியடைந்தது அதிலிருந்துதான். அடுத்த சில ஆண்டுகளில் கிரைஸ்லரின் 426 ஹெமி, ஷெவர்லேயின் 454 என்று இஞ்சின்கள் பெருத்துக்கொண்டே போயின. பிறகு இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறிற்று; காற்றுத் தூய்மைச் சட்டம் 1970இல் வந்தது; 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து அந்த அத்தியாயத்தை முடித்துவைத்தது. கார்கள் மட்டும் எஞ்சின.

எஞ்சிய கார்களில் இன்று வீட்டில் கட்டப்படும் இஞ்சின்களுக்கு உதாரணமாக, 383 ஸ்ட்ரோக்கர் என்று பெயர்பெற்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஷெவர்லே 1955இல் வெளியிட்ட ஸ்மால் பிளாக் குடும்பத்தில் 350 கன அங்குல இஞ்சினும் உண்டு, 400 கன அங்குல இஞ்சினும் உண்டு. முன்னதன் சிலிண்டர்களை அங்குலத்தில் ஆயிரத்தில் முப்பது பங்கு அகலப்படுத்தி, பின்னதன் கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் கழுத்துகளை 2.65 அங்குலத்திலிருந்து 2.45 அங்குலமாகக் கடைந்து அதை முன்னதனுள் இறக்கினால், பிஸ்டனின் ஓட்டம் 3.48 அங்குலத்திலிருந்து 3.75 அங்குலமாக நீள, மொத்தக் கொள்ளளவு 383 கன அங்குலமாகிறது. மஸில் கார்களின் காலத்தில் எந்த ஷெவர்லேயும் இந்த இஞ்சினோடு தொழிற்சாலையை விட்டு வெளிவரவில்லை. கடைசல் பட்டறைகளிலும் வீட்டுக் கொட்டகைகளிலும் பிறந்த பிள்ளை இது. நீண்ட ஓட்டத்துக்கு இடம்விட பிளாக்கின் அடிப்பகுதியைச் சில இடங்களில் அராவுவதும், பேரிங்குக்கும் கழுத்துக்கும் இடையில் எண்ணெய் தங்குவதற்கு ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு அங்குலமே இருக்கும் இடைவெளியைச் சரிபார்ப்பதும், பிஸ்டனின் தலையில் களிமண் வைத்துச் சுழற்றி வால்வு அதை முட்டாது என்று நிச்சயித்துக்கொள்வதும் இதைக் கட்டுகிறவனின் நித்திய கர்மங்கள். பழைய மோஸ்தரில் தட்டையான டாப்பெட்டுகளை வைத்துக் கட்டியிருந்தால், முதன்முதல் கிளப்பியவுடன் ஐடிலில் விடாமல், நிமிஷத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்குக் குறையாத வேகத்தில் இருபது முப்பது நிமிஷம் ஓட்டிக் காம் ஷாஃப்டைப் பதப்படுத்த வேண்டும். கிராங்க் ஷாஃப்ட் வேகமாகச் சுழன்று எண்ணெயை வாரி இறைத்தால்தான் காமின் முனைப்புகள் நனையும். அந்த அரைமணி நேரத்தில் ஒரு முனைப்பு தேய்ந்துவிட்டால், உதிர்ந்த இரும்புத் துகள் இஞ்சின் முழுவதும் பரவி, மாதக்கணக்கான உழைப்பைப் பாழாக்கிவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு, இது எத்தனை குதிரைசக்தி என்ற கேள்வி எழுகிறது. கேட்பவன் அண்டை வீட்டுக்காரன். அவனுக்கு முன்பே கேட்டுவிட்டவன் உடையவன்.

அறிவு பெறும் வாயில்களைக் காண்டல், கருதல், உரை என்று மூன்றாகத் தொகுத்துக் கூறுவது சைவ சித்தாந்த நூல்களின் மரபு. குதிரைசக்தி விஷயத்தில் இம்மூன்றும் அச்சாகப் பொருந்திவருகின்றன. பெருவாரியான மக்கள் தங்கள் காரின் வலிமையை அறிவது உரையளவையால். அதாவது, தயாரித்தவன் விளம்பரத்தில் அச்சிட்டதை அப்படியே ஏற்பதால். நம்பத் தகுந்தவன் சொன்னால்தான் உரை பிரமாணமாகும் என்பது சாஸ்திரம். அந்நாளைய தொழிற்சாலைகளோ, தங்களுக்கு வேண்டியபோது கூட்டியும் வேண்டியபோது குறைத்தும் சொல்லியிருக்கின்றன. 1967இல் கார்வெட் காரில் வந்த எல்-88 என்ற 427 கன அங்குல இஞ்சினுக்கு 430 குதிரைசக்தி என்று அச்சிட்டார்கள். அதைவிடச் சாதுவான, அதே கொள்ளளவுள்ள மற்றோர் இஞ்சினுக்கு 435 என்று அச்சிட்டார்கள். பந்தயத்துக்கென்றே பிறந்த எல்-88 உண்மையில் 500ஐத் தாண்டக்கூடியது. அதிகமாகத் தேடும் விடலைப் பையன்களின் கண்ணை அதிலிருந்து திருப்புவதற்கும், இன்ஷூரன்ஸ்காரர்களின் கவனத்தைத் தவிர்ப்பதற்கும், விளம்பரம் செய்த குதிரைசக்தியையும் எடையையும் கொண்டு கார்களை வகுப்புப் பிரிக்கும் பந்தயங்களில் அனுகூலம் பெறுவதற்கும், இப்படிக் குறைத்துச் சொல்வது அந்நாளில் பலவகையிலும் லாபகரமாக இருந்தது.

கூட்டிச் சொன்ன கதை இதைவிட விரிவானது. 1971 வரையில் வழக்கிலிருந்த மொத்த அளவை என்ற முறையில், இஞ்சினைக் காரிலிருந்து பிரித்து ஒரு நிறுத்தியில் ஏற்றி, காற்றுச் சல்லடையும் சைலன்சரும் ஆல்டர்னேட்டரும் இல்லாமல், துணைக் கருவிகளின் சுமை எதுவும் அற்ற சுயேச்சையான நிலையில் ஓட்டி அளந்தார்கள். காரில் பொருத்தியிருக்கும் அதே கோலத்தில், சகல உபகரணங்களோடும் அளக்கும் நிகர அளவை 1972இல் வந்தது. இடைப்பட்ட 1971இல் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டையும் அருகருகே வெளியிட்டபோது, கார்வெட்டின் எல்.எஸ்.5 என்ற 454 கன அங்குல இஞ்சின் ஒரு பத்தியில் 365 என்றும் அடுத்த பத்தியில் 285 என்றும் நின்றது. இரும்பு அதே இரும்பு. அளந்த சூழ்நிலையைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் எண்ணுக்குப் பொருளே இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வீட்டில் கட்டியவனுக்காக இப்படி உரைப்பதற்குக்கூட ஒரு தொழிற்சாலை இல்லை. ஆகவே அவன் உதிரிபாக விளம்பரங்களிலிருந்து தனக்குத் தானே உரை எழுதிக்கொள்கிறான். இந்த சிலிண்டர் ஹெட் நாற்பது குதிரைசக்தி கூட்டும், இந்தக் காம் முப்பது கூட்டும், இந்த இன்டேக் மானிபோல்டு இருபது கூட்டும் என்று ஒவ்வொரு பெட்டியிலும் அச்சிட்டிருப்பதை அவன் மனக்கணக்காகக் கூட்டிவைக்கிறான். அந்த லாபங்கள் தனித்தனி இஞ்சின்களில், தனித்தனிச் சூழலில் கிடைத்தவை. காற்று உள்ளே புகும் வழியில் மிகக் குறுகிய இடம் எதுவோ அதுதான் மற்ற எல்லாவற்றின் பலனையும் வரையறுக்கிறது. அகலமான ஹெட்டைப் போட்டுவிட்டு வெளியேறும் குழாயை ஒடுக்கமாக விட்டவனுக்கு, அந்த நாற்பதில் பெரும்பகுதி விளம்பரத்திலேயே தங்கிவிடும்.

உரை இவ்விதம் ஆனால், காண்டலுக்கு வருவோம். காரில் ஏறி உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முதுகு இருக்கையில் அழுந்துகிறது; இதைவிடப் பிரத்தியக்ஷம் வேறு என்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் மனித உடம்பு தள்ளுவிசையின் அளவைவிட, அது திடீரென மாறுவதையே கூர்மையாக உணர்கிறது. நடுவேகத்தில் சோம்பிக் கிடந்து நாலாயிரம் சுற்றுக்கு மேல் சட்டென்று விழித்துக்கொள்ளும் இஞ்சின், ஆரம்பமுதல் ஒரே சீராக இழுக்கும் இஞ்சினைவிடப் பலசாலியாகத் தோன்றுகிறது. கடிகாரம் வைத்துப் பார்த்தால் பின்னது முந்திப் போயிருக்கும். சத்தமும் அப்படியே. சைலன்சரை மாற்றிக் கார் கர்ஜிக்கத் தொடங்கியதும், சக்தியும் கூடிவிட்டதாக உடையவன் சத்தியம் செய்யத் தயாராகிறான். செலவழித்த பணமும் சேர்ந்துகொண்டால் புலன்கள் எஜமானனுக்குச் சாதகமாகவே சாட்சி சொல்லும்.

எஞ்சியிருப்பது கருதல். டைனோ தருவது நேரடிக் காட்சிபோலத் தோன்றினாலும், உண்மையில் அது அனுமானம். வலிமையை யாரும் கண்டதில்லை. எதிர்ப்பு ஒன்றை அதன்முன் வைத்து, அந்த எதிர்ப்புக்கு நேர்ந்த கதியைக் கொண்டே அதை ஊகிக்க வேண்டும். 1821இல் பிரெஞ்சுப் பொறியியலாளர் காஸ்பார் டி ப்ரோனி, சுழலும் தண்டை மரக்கட்டைகளால் இறுக்கிப் பிடித்து, கட்டைகளும் உடன் சுழன்றுவிடாதபடி ஒரு நெம்புகோலின் முனையில் எடையைத் தொங்கவிட்டு, அந்த எடையிலிருந்து இஞ்சினின் முறுக்குவிசையைக் கணக்கிட்டார். கப்பல் இஞ்சின்களின் அசுர பலத்துக்கு முன் மரக்கட்டை தாங்காதாகையால், 1877இல் இங்கிலாந்தில் வில்லியம் ஃப்ரூட் தண்ணீரையே தடையாக்கினார். தங்கு தடையின்றி ஓடும் இஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் தன் சக்தியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. எதிர்ப்பைச் சந்தித்த க்ஷணத்தில்தான் அது வாய் திறக்கிறது. மனிதர்கள் விஷயத்திலும் இதுவே உண்மை என்று உபதேசம் செய்ய ஆசையாகத்தான் இருக்கிறது. வாசகர்களே அதைச் செய்துகொள்வார்களாதலால் விட்டுவிடுகிறேன்.

காரிலிருந்து இஞ்சினை இறக்காமலே அளக்கும் கடைகளில் இன்று மிகுதியாகக் காணப்படுவது உருளை டைனோ. அதில் தடையாக நிற்பது உருளையின் ஜடத்துவம். கனத்த உருளையின் எடையும் அமைப்பும் முன்கூட்டியே தெரியும். காரின் பின்சக்கரங்கள் அதை எவ்வளவு விரைவாக வேகப்படுத்துகின்றன என்று அளந்தால், தள்ளிய விசை வெளிப்படுகிறது. விசையை வேகத்தால் பெருக்கினால் சக்தி கிடைக்கிறது. அதை இஞ்சினின் சுழற்சி வேகத்தோடு பொருத்தினால் முறுக்குவிசையும் கிடைக்கிறது. மின்காந்தத் தடையைச் சேர்த்து இஞ்சினை ஒரே வேகத்தில் பிடித்து நிறுத்தக்கூடியவையும் உண்டு.

காரை உருளைமேல் ஏற்றிப் பட்டைகளால் தரையோடு கட்டுகிறார்கள். ரேடியேட்டருக்கு எதிரே பெரிய மின்விசிறியை வைக்கிறார்கள். பெட்ரோலும் காற்றும் எந்த விகிதத்தில் எரிகின்றன என்று அறிய எக்ஸாஸ்ட் குழாயில் ஓர் உணரியைச் செருகுகிறார்கள். நான்கு கியர்ப் பெட்டியில் இஞ்சினும் புரொப்பல்லர் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுழலும் நான்காவது கியரில் போட்டு, 2500 சுற்றில் ஆக்ஸிலரேட்டரை அடியோடு மிதித்து, 6000 வரும்வரை எடுப்பதில்லை. பின் ஆக்ஸிலின் விகிதம் 3.73 ஆகவும், சக்கரத்தின் உயரம் 26 அங்குலமாகவும் இருந்தால், நின்ற இடத்தைவிட்டு அசையாத அந்தக் கார் மணிக்கு 120 மைலுக்கு மேலான வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. உடையவனுக்கு அந்தச் சில விநாடிகளில் செய்ய ஒன்றுமில்லை. எல்லா போல்ட்டையும் முறையாக இறுக்கினோமா என்று ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திப் பார்ப்பதைத் தவிர.

தாளில் விழும் இரண்டு கோடுகளில் ஒன்று முறுக்குவிசை, மற்றது குதிரைசக்தி. குதிரை இங்கே எப்படி வந்தது என்றால், பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் வாட், தம் நீராவி இஞ்சினை வாங்கக்கூடிய ஆலைக்காரனுக்கு அது எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்று விளக்க விரும்பி, நம் செக்கு மாட்டைப்போல் வட்டமாகச் சுற்றி ஆலையை இயக்கும் குதிரையின் உழைப்பைக் கணக்கிட்டு, நிமிஷத்துக்கு 33,000 அடி-பவுண்டு என்று நிலைநிறுத்தினார். விற்பனைக்காகப் பிறந்த அலகு இன்றைக்கும் விற்பனைக்கே பெரிதும் உதவுவதில் வியப்பில்லை. அந்த 33,000ஐ ஒரு முழுச் சுற்றின் கோண அளவால் வகுத்தால் 5252 வருகிறது. முறுக்குவிசையை அடி-பவுண்டில் எடுத்துச் சுழற்சி வேகத்தால் பெருக்கி 5252ஆல் வகுத்ததே குதிரைசக்தி. ஆதலால் இரண்டையும் ஒரே அளவுத்திட்டத்தில் வரைந்த எந்தத் தாளிலும், 5252ஆவது சுற்றில் இரு கோடுகளும் வெட்டிக்கொண்டே தீர வேண்டும். அப்படி வெட்டாத தாளை ஒருவன் காட்டினால், அளவுத்திட்டங்கள் வெவ்வேறா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒன்றேயானால் அத்தாளை நம்ப வேண்டியதில்லை.

அனுமானம் என்று சொல்லிவிட்ட பிறகு அதற்குரிய தோஷங்களையும் சொல்லத்தான் வேண்டும். இஞ்சின் தின்பது காற்றை. வெயில் ஏறினால் காற்று இலேசாகிறது, மலையேறினால் இன்னும் இலேசாகிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மைல் உயரத்திலுள்ள டென்வர் நகரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு; டர்போ போன்ற துணை இல்லாத இஞ்சினின் சக்தியும் கிட்டத்தட்ட அவ்வளவு குறையும். எல்லா ஊர்களையும் ஒரே தராசில் நிறுத்துவதற்காக, அன்றைய வெப்பத்தையும் அழுத்தத்தையும் கொண்டு ஒரு திருத்தக் காரணியால் பெருக்குகிறார்கள். அதிலும் இரண்டு வழக்குகள். ஒன்று 60 டிகிரி ஃபாரன்ஹீட் குளிர்ந்த காற்றை ஆதாரமாகக் கொண்டது. மற்றது 25 டிகிரி சென்டிகிரேடையும் கொஞ்சம் குறைந்த அழுத்தத்தையும் கொண்டது. ஒரே ஓட்டத்தை முன்னதன்படி அச்சிட்டால், பின்னதைவிட நூற்றுக்கு நான்கு பங்கு கூடக் காட்டும். 400 என்பது பொத்தானை அழுத்திய மாத்திரத்தில் 416 ஆகிவிடும். இஞ்சினைத் தொடாமலே பதினாறு குதிரைகளைச் சம்பாதித்துக்கொடுக்கும் இந்த வித்தையை எந்த உதிரிபாகக் கம்பெனியும் இன்னும் விஞ்சவில்லை.

இன்னொரு சபலம் உண்டு. உருளை அளப்பது சக்கரத்துக்கு வந்துசேர்ந்த சக்தியை. கியர்ப் பெட்டியும் பின் ஆக்ஸிலும் டயரும் வழியில் எடுத்துக்கொண்டது போக மிச்சத்தை. அந்த இழப்பு கியரைப் பொறுத்தும் எண்ணெயின் வெப்பத்தைப் பொறுத்தும் சுமையைப் பொறுத்தும் மாறக்கூடியது. ஆனால் நூற்றுக்குப் பதினைந்து என்று ஒரு சம்பிரதாயக் கணக்கு நடமாடுகிறது; 340 என்று தாள் காட்டியதும் அதை 0.85ஆல் வகுத்து, என் இஞ்சின் 400 என்று அறிவித்துக்கொள்ளலாம். அனுமானத்தின் மேல் மற்றோர் அனுமானத்தை ஏற்றி, ஆதியில் தான் எழுதிவைத்திருந்த உரைக்கே திரும்பிவந்து சேர்கிற இந்தப் பிரயாணம் வேடிக்கையானது.

இவ்வளவு தோஷங்களைச் சொல்லிவிட்டு, டைனோவைப் போற்றுவது முரணாகப் படலாம். முரண் இல்லை. ஒரு காரை மற்றொரு காரோடு, ஓர் ஊரை மற்றோர் ஊரோடு ஒப்பிடும்போது தலைதூக்கும் இத்தனை தோஷங்களும், அதே காரை, அதே உருளையில், அதே பிற்பகலில், அடுத்தடுத்து ஓட்டி ஒப்பிடும்போது பெரும்பாலும் இரு பக்கமும் சமமாகக் கழிந்துவிடுகின்றன. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பித் தீப்பொறி விழும் நேரத்தை 32 டிகிரிக்கு வைத்து ஓர் ஓட்டம், 34க்கு ஓர் ஓட்டம், 36க்கு ஓர் ஓட்டம் என்று பார்த்தால், முதலிரண்டுக்கும் இடையில் ஏறிய கோடு மூன்றாவதில் ஏறாமல் நிற்கும். பழைய அமைப்புள்ள ஸ்மால் பிளாக்குகளில் அது பெரும்பாலும் 34க்கும் 36க்கும் இடையில் நின்றுவிடும். அங்கேயே விட்டுவிடுவது விவேகம். லாபமில்லாத இடத்தில் மேலும் முன்தள்ளுவது, எரிபொருள் அகாலத்தில் வெடித்துப் பிஸ்டனைத் துளைப்பதற்கு வழிவகுக்கும். ஹோலி கார்புரேட்டரின் ஜெட்டுகளை மாற்றி, பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று பன்னிரண்டரையிலிருந்து பதின்மூன்று பங்கு என்ற விகிதத்துக்குக் கொண்டுவருவதும் இப்படி ஒன்றுக்கொன்று ஒப்பிட்டுத்தான். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். தண்ணீரும் எண்ணெயும் முன் ஓட்டத்தில் இருந்த அதே சூட்டுக்கு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். காத்திராமல் சூடேறிய இன்டேக்கோடு ஓட்டியவன், நல்ல மாற்றத்தைக் கெட்டதென்று தீர்மானித்துப் பழைய ஜெட்டையே திரும்பப் போட்டுவிடுவான்.

அப்படி ஒப்பிடுகிறவனுடைய கண் கோட்டின் சிகரத்தில் தங்குவதில்லை. 6000 சுற்றில் தொடும் உச்சத்தில் தெருவில் ஓடும் கார் வாழ்நாளில் எத்தனை நிமிஷம் இருக்கப்போகிறது? அது சஞ்சரிப்பது 2500க்கும் 4500க்கும் இடைப்பட்ட வெளியில்; அங்கே முறுக்குவிசைக் கோடு மேடுபள்ளமின்றி அகலமாகப் படர்ந்திருக்கிறதா என்பதே அவன் கேள்வி. நீண்ட பிஸ்டன் ஓட்டமுள்ள 383இன் மகிமை அந்தப் படர்ச்சியில்தான் இருக்கிறது. உச்சத்தில் பத்துக் குதிரைசக்தியைத் தருவதற்காக நடுவில் முப்பது அடி-பவுண்டைத் தின்னும் ஒரு காம் ஷாஃப்டை, தாளைப் படிக்கத் தெரிந்தவன் திருப்பிக் கொடுத்துவிடுவான். தலைப்பு எண்ணை மட்டும் பார்ப்பவன் அதை வாங்கிக்கொண்டு போவான்.

ஆகவே, வீட்டில் இஞ்சின் கட்டிய நண்பர் ஒருவர் தம் டைனோ தாளை உங்களிடம் நீட்டுவாரானால், உச்சத்தில் அச்சாகியிருக்கும் எண்ணை வியப்பதற்கு முன், எந்தத் திருத்தக் காரணி, எந்த வேகத்திலிருந்து எந்த வேகம்வரை, இதற்கு முந்தைய ஓட்டத்தின் தாள் எங்கே என்ற மூன்றையும் கேளுங்கள். அவரிடம் அந்த முந்தைய தாளும் இருந்து, இரண்டுக்கும் இடையில் தாம் மாற்றியது இன்னதென்று சொல்லவும் தெரிந்திருந்தால், எண் 300 ஆனாலும் 500 ஆனாலும், அவர் தம் யந்திரத்தை அறிந்தவர். பெருமை பேசுவதற்கு ஒரு தாள் போதும். அறிவதற்கு இரண்டாவது வேண்டும்.